படித்துறைக் கம்பி

"இந்தத் தெருவுக்கு முதல்ல என்ன வேணும் சேச்சி?"

ஊருக்கு ஊர் தேவை வேறயாம். கேட்டுத்தான் திட்டம் போடணுமாம். கொச்சி மட்டாஞ்சேரியில் நகராட்சிக்காக வீடு வீடாகக் கேட்டு எழுதும் வெங்கிடேஷ், தொப்பலாக நனைந்து வாசலில் நின்றான்.

சங்கரி சாயாவை நீட்டினாள். போன தடவை போலவே அவன் தொடவில்லை.

"படகுத்துறைப் படியெல்லாம் பாசி, பிடிச்சு இறங்க ஒரு கம்பி வேணும்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி."

"அதான் நேர்ல பார்த்துட்டு எழுதலாம்னு போனேன்."

"கம்பி போட்டாச்சு. நீங்க அங்க வழுக்கி விழுந்து உசிரை விட்ட மறுவாரமே ஓடி வந்து போட்டாங்க."

"நல்லது," என்று குறித்துக்கொண்டான். "அடுத்து என்ன வேணும்?"

எதிரே மூடியில்லாத சாக்கடையைப் பார்த்தாள் சங்கரி. அதைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு உசிரைக் கொடுத்து ஒண்ணும் வேண்டாம் தம்பி."