படியில் விட்ட ஷூ

மேற்படிப்புக்கு வந்த நாட்டில், சிலைகூட மிஞ்சாத பழங்காலக் கோயில் ஒன்றின் இடிபாடுகளைப் பார்க்கப் போன இசக்கிமுத்து, பழக்கதோஷத்தில் தன் புது ஷூவைப் படியிலேயே கழற்றி வைத்தான்.

“சாமியே இல்லாத கோயிலுக்கு எதுக்குல கழத்துற?” என்று சிரித்தாள் உடன் படிக்கும் ஜெருஷா.

சுற்றிவிட்டுத் திரும்பினால் ஷூவைக் காணோம். அந்த இடத்தில் பாசி படிந்த தோல்செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

“எங்க ஒளிச்சு வச்ச?”

“சத்தியமா தொடல. உங்கூடதான இருந்தேன்!”

அவன் நம்பவில்லை. அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வெறுங்காலோடு வாசல் காவலரிடம் போனான். இன்று உள்ளே வந்தது நீங்கள் இரண்டுபேர் மட்டும்தான் என்றார் அவர்.

“வெளியே போனது?”

“ஒருவர். காலில் கிடந்த ஷூவைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.”