தலை நிற்காத ராட்செட்

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாறனின் மூக்கில் ராட்செட்டின் தலை மறுபடியும் வந்து இடித்தது.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண் வீட்டு வாசலிலேயே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறான். கீழ்பென்னாத்தூர் தெருவுக்கு இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது.

இவன் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவன் வேறு. தன் வண்டி நடுவழியில் நின்றதே கிடையாது என்று காலையில்தான் பெண்ணின் அப்பாவிடம் அளந்திருந்தான். பொய்யில்லை. நடுவழியில் நிற்கவில்லை, அவர் வாசலில் நின்றுவிட்டது.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கூட வந்திருந்த தாய்மாமா கேட்டார். மெக்கானிக் வேனுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டான்.

கையில் இருந்தது கழுத்து மடங்கும் ராட்செட். நேராகக் கை போகாத இடத்தில் தலையை வேண்டிய பக்கம் வளைத்துக்கொண்டு போல்ட்டைத் திருகலாம். கழுத்து இறுக்கமாக இருந்தால் வளைத்த இடத்தில் நிற்கும். தேரடித் தெருவில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷா படித்துப் படித்துச் சொன்னார், படுக்கவைத்துப் பிடி, தலை நின்றால் எடு, தொங்கினால் வைத்துவிடு என்று. மாறன் பலமாகத் தலையாட்டிவிட்டுத் தொங்கியதையே எடுத்து வந்தான். விரலால் தட்டினால் எந்தப் பக்கமும் ஜோராகச் சுழன்றது. அதில் மயங்கிவிட்டான்.

இப்போது தெரிகிறது. இந்தக் கழுத்துக்கு இரண்டு கை வேண்டும், தலையைப் பிடிக்க ஒன்று, பிடியைத் திருப்ப ஒன்று. ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டுக்கு ஒரு கைதான் போகும். நிமிர்த்தினால் இந்தப் பக்கம் சாய்கிறது, தட்டினால் அந்தப் பக்கம் சாய்கிறது.

யார் தட்டினாலும் சாய்கிற இந்தக் கழுத்து அவனுக்குப் புதிதில்லை. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

காலையிலும் அதுதான் நடந்தது. காபித் தட்டோடு வந்த மணிமொழியிடம் சமைக்கத் தெரியுமா என்று மாமா கேட்டார். தனக்குத் தெரியும் என்று மாறன் முந்திக்கொண்டு சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே இவள்தான் என்று அவனுக்கு ஆகிவிட்டது.

அப்போதே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். பெண் உன்னைவிட ஒரு விரக்கடை உயரம்டா என்று அம்மா ரேணுகாம்பாள் காதில் ஓதினாள். தலை ஆடியது. யோசிக்கலாம் என்றார் மாமா. அதற்கும் ஆடியது.

ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று அம்மா எழுந்துவிட்டாள். அந்த லெட்டரை இதுவரை எந்தத் தபால்காரரும் கொண்டு வந்து கொடுத்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

பெண்கள் பூவும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார்கள். மாறன் சாவியைத் திருகினான். ஒரு முனகல்கூட இல்லை. ஸ்டார்ட்டர்தான் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டு, புது ராட்செட்டோடு அடியில் புகுந்தான்.

உச்சி வெயில் வந்துவிட்டது. பெண் வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரேணுகாம்பாள் வேனை விட்டு இறங்கவில்லை. சம்மதம் சொல்லாத வீட்டில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

வண்டி கிளம்பினால் மணிமொழி போச்சு. கிளம்பாவிட்டால் மானம் போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மாறன் அண்ணாமலையாரைப் பொதுவாகக் கூப்பிட்டு வைத்தான்.

வேனை ஒட்டி இரண்டு கொலுசுக் கால்கள் வந்து நின்றன. மணிமொழி குனிந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். தொங்கும் ராட்செட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஹாரன் அடிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வண்டி பேசாமல் கிடந்தால் முதலில் ஹாரனை அமுக்க வேண்டும். அதுவும் ஊமையென்றால் கோளாறு பேட்டரியில். பட்டறையில் டீ வாங்கப் போகிறவனுக்கும் தெரிந்த சங்கதி. டிராக்டர் ஓடும் வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் இன்னொரு கையையும் நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் பேட்டரி டெர்மினலின் நட்டு இருந்தது. வாசலில் குங்குமம் கொடுக்கிற சந்தடியில் கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து கழற்றியிருக்கிறாள். பேட்டரிப் பெட்டி வேனின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் திறந்தாற்போலத்தான் இருந்தது.

"கையாலயே வந்துடுச்சுங்க. லூசாத்தான் இருந்துச்சு."

சொந்த வண்டி நட்டைக்கூட முறுக்கி வைக்காத மெக்கானிக்கின் காது சிவந்துவிட்டது. அவள் நட்டைச் செம்புக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தாள். இனி உங்கள் பாடு என்பதுபோல, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாறன் வெளியே ஊர்ந்து வந்தான். சரியாகிவிட்டதா என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் அம்மா. நட்டு அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. ராட்செட்டை வேனுக்கடியிலேயே விட்டுவிட்டு அடிபம்புக்குப் போனான். சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினான். நேராகக் கூடத்துக்குப் போய், காத்துக்கிடந்த வாழை இலையின் முன்னால் உட்கார்ந்தான்.

மணிமொழியின் அம்மா பதறிப்போய்ச் சோற்றை வைத்தார். சாம்பார்க் கரண்டியோடு தயங்கி வாசலைப் பார்த்தார்.

ரேணுகாம்பாள் வாசற்படிக்கு ஓடி வந்திருந்தாள். கண்ணை உருட்டி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மாறனின் கழுத்து பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் சாயப் பார்த்தது. இழுத்துப் பிடித்தான்.

"ஊத்துங்க அத்தை" என்றான்.