ஆடு தின்ற டோக்கன்

"இது கள்ள டோக்கன்!"

முகம்மது ஹனீப் போட்ட சத்தத்தில், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கைவண்டிக்காரன் பூதத்தானுக்குப் புரையேறிவிட்டது.

கல்லாவுக்கு முன்னால் பேராச்சி நின்றாள். பக்கத்துத் தோல் ஷெட்டுக்குத் தண்ணீர் சுமக்கிறவள்.

யுத்தம் வந்தாலும் வந்தது, பம்பாயில் சில்லறை என்பதே கண்ணில் படாமல் போய்விட்டது. ஒரணா டீயைக் குடித்துவிட்டு ஒரு ரூபாய் நோட்டை நீட்டினால், கடைக்காரர் மீதிக்கு எங்கே போவார்? தாராவியில் சில்லறைக்குத்தான் பஞ்சம், தோலுக்கு இல்லையே! ஹனீப் ஆட்டுத் தோலை வட்ட வட்டமாக வெட்டினார். பிறையும் புள்ளியும் கொண்ட இரும்பு அச்சை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். மீதிச் சில்லறைக்குப் பதில் டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு டீ.

அந்த அச்சை அவர் காத்த அழகே தனி. அச்சு டிரங்குப் பெட்டிக்குள். பெட்டிக்குப் பெரிய பூட்டு. சாவி அவர் இடுப்பில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் குளிக்கப் போகும்போது மட்டும்தான் சாவி இடுப்பை விட்டு இறங்கும்.

அப்படி இருந்தும் சில நாட்களாகக் கல்லாவில் வேறு தோல் விழுந்தது. அச்சு என்னவோ அதே அச்சுதான். வெட்டிய ஓரத்தில் மட்டும் ஒரு நீலச் சாயல். இன்றைக்கு ஆளையே பிடித்துவிட்டார்.

"யாரு குடுத்தா? சொல்லு."

"அத மட்டும் கேக்காதிய, பாய்."

"அப்போ நீயே அடிச்சியோ?"

"நான் கொடம் தூக்குதவ. எனக்கு எங்க அச்சடிக்கத் தெரியும்?"

பூதத்தான் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டான். "ஏ பேராச்சி, போன மாசம் பாய் குடுத்த டோக்கன ஆடு தின்னுட்டுன்னியே. இப்போ அந்த ஆடு குட்டி போட்டுக் குடுத்துச்சோ?"

கடையே சிரித்தது.

போன மாதம் பேராச்சி ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்து, ஒரு டீ குடித்து, பதினைந்து டோக்கன் வாங்கிப் போனாள். மறுநாளே அழுதுகொண்டு வந்தாள். குழாயடியில் முடிச்சை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாளாம், ஆடு தின்றுவிட்டதாம். 'ஆட்டுத் தோல ஆடே திங்குமா? நல்ல கதை! டோக்கன் இருந்தா டீ, இல்லேன்னா இல்ல. கணக்குன்னா கணக்கு, ஹிசாப்னா ஹிசாப்' என்று ஹனீப் அவளை அனுப்பிவிட்டார்.

இப்போது அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நீ சொல்ல மாட்டே. சரி, ஒன் ஷெட்டு மொதலாளிகிட்ட நான் சொல்லுதேன். கள்ள டோக்கன் அடிக்கிறவளுக்கு அவர் வேலை குடுப்பாரான்னு பாப்போம்."

பேராச்சியின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு கோணித் திரை. அதற்கு உள்ளிருந்து ஹனீபின் மனைவி ராபியாவின் குரல் வந்தது.

"இங்க பாருங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா தெரிஞ்சிட்டுப் போவுது. கள்ளத் தோலு சுருண்டுரும்."

ஹனீபின் முகம் மலர்ந்தது. ராபியாவின் அண்ணன் இனாயத்துல்லா, பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கும் பட்டறைக்காரர். தோல் விஷயத்தில் அவள் பேச்சுக்கு அந்தச் சந்தில் மறுபேச்சு இல்லை.

"பாய், தனிச் சட்டியில போடுங்க. டீயில தோல் வாசம் வந்துரும்" என்றது ஒரு குரல்.

"இப்போ மட்டும் வரலையாக்கும்!" என்றது இன்னொன்று.

ஹனீப் காதில் வாங்கவில்லை. சட்டித் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், பேராச்சியின் டோக்கனையும் தம்முடைய டோக்கன் ஒன்றையும் எல்லாரும் பார்க்கப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்தார்.

ஒன்று மிதுக்கு வற்றலாகச் சுருண்டிருந்தது. மற்றது வைத்தது வைத்தபடி தட்டையாகக் கிடந்தது.

தட்டையாகக் கிடந்ததன் ஓரம் நீலம்!

ஹனீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கல்லாவிலிருந்து இன்னொரு டோக்கனை எடுத்துப் போட்டார். சுருண்டது. மறுபடி ஒன்று. அதுவும் சுருண்டது.

"என்ன பாய், ஒங்க கல்லா முழுக்கக் கள்ளத் தோலால்லா கெடக்கு!" என்றான் பூதத்தான்.

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. ஹனீப் தாமே ஒரு டீ போட்டு, ஒரு பன்னும் வைத்துப் பேராச்சியிடம் நீட்டினார்.

"தப்பா நெனச்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாத, தாயி."

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அவர் திரையை விலக்கி உள்ளே போனார்.

"ராபியா, கள்ளத் தோலு நெசமாவே சுருளுமா?"

"அது எங்க சுருளும்? ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறுன ஒங்க ஆட்டுத் தோலுதான் கொதிச்சா சுருளும். பூட்ஸுத் தோலு அசையாது."

"அப்போ... அவ கொண்டாந்தது கள்ள டோக்கன்தானா?"

"ஆமா."

"அடிச்சது யாரு?"

ராபியா தரையில் விரித்திருந்த பாயைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து அவர் முன் விரித்தாள். நீல ஓரம் வைத்த பூட்ஸ் தோல். அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"எண்ணிக்கிடுங்க. பதினஞ்சுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை குளிக்கப் போனா நீங்க லேசுல வர மாட்டீங்கல்லா?"

ஹனீபின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

"நம்ம கடைக்கே கள்ள டோக்கனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அன்னைக்கே சொல்ல வந்தேன். ஹிசாப்னா ஹிசாப்னு வாய அடைச்சிட்டீங்க. அந்த ஆடு தின்னத நான் கண்ணால பாத்தேன். அது தின்னது வெறும் தோலத்தான். அவ குடுத்த ரூபாயத் தின்னது நாமல்லா!"