பீங்கானில் அவள் பக்கம்

“எனக்கும் இண்டைக்கு நோம்பு இல்ல. வாங்க, சேந்து தின்னுவம்” என்று சொல்லிக்கொண்டு பகல் ஒரு மணிக்கு என் மனைவி றம்லா சோற்றுப் பீங்கானோடு அறைக்குள் வந்தாள்.

ரமழான் தொடங்கியதிலிருந்து இதே பேச்சுத்தான். இன்று பன்னிரண்டாவது நோன்பு.

கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். நோன்புப் பகலில் எங்கள் வீட்டிலிருந்து தேங்காய்ப் பாலாணக் கறி மணந்தால் சாய்ந்தமருது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்கு வெட்கம். சாய்ந்தமருது முழுக்க என் நோய் தெரியும் என்பது வேறு கதை.

வயிற்றில் கென்சர். மூன்று தடவை மருந்து ஏற்றியாயிற்று. நாலாவது தடவை போனபோது டொக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். இந்த நிறைக்கு மருந்து தாங்காது, சாப்பிட்டு இரண்டு கிலோவாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாளை மறுநாள் மறுபடியும் தராசில் ஏற வேண்டும்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். என் மனம் கேட்டால்தானே. நான் மேசன். பத்து வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டவனில்லை. சித்திரை வெயிலில் கொங்கிரீட் போட்டுக்கொண்டே பிடித்தவன். ஊரே பட்டினி கிடக்க நான் மட்டும் குந்தியிருந்து தின்பதா?

முதல் நோன்பன்று இரண்டு வாய் வைத்தேன். நாக்கில் துருப்பிடித்த கம்பியின் ருசி. பீங்கானைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் வந்து, தனக்கும் நோன்பு இல்லை என்றாள். பெண்களுக்கு மாதத்தில் அப்படி நாட்கள் உண்டு. அதில் என்ன கேள்வி கேட்பது?

திருட்டுக்குக் கூட்டாளி கிடைத்த தைரியத்தில் அன்றைக்கு எழுந்து தின்றேன். மறுநாளும் தின்றேன்.

கல்யாண வீட்டுச் சஹன் மாதிரி ஒரே பீங்கான், எதிரும் புதிருமாக இரண்டு பேர். குழைய ஆக்கிய சோறு, உறைப்பில்லாத பாலாணம், முள் எடுத்த பாரை மீன். சஹனில் அவரவர் தங்கள் பக்கத்திலிருந்துதான் தின்ன வேண்டும் என்பது சின்ன வயதிலேயே படித்த ஒழுங்கு. றம்லாவிடம் அந்த ஒழுங்கு என்றைக்கும் இருந்ததில்லை. நல்ல மீன் துண்டெல்லாம் அவள் பக்கத்திலிருந்து உருண்டு என் பக்கம் வந்துவிடும். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். நானும் வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன்.

இன்றும் மீன் வந்தது. பின்னாலேயே சோறும் வந்தது.

ஜன்னல் சாத்தியதில் ஒரே புழுக்கம். எட்டி ஃபேனைக் கூட்டிவைத்தேன். அவள் கை வாய்க்குப் போகிற நேரம் காற்று, வாயை மறைத்திருந்த முக்காட்டைத் தோளில் தள்ளியது.

விரல் நுனியில் நாலு பருக்கைதான் ஒட்டியிருந்தது. அது உதடு வரைக்கும் போனது. பிறகு பீங்கானுக்கே திரும்பி வந்தது.

தாடை மட்டும் அசைந்தது. தொண்டை அசையவேயில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

சுவரில் கால் அங்குலப் பிசகைக் கண்ணாலேயே பிடிக்கிறவன் நான். பெண்ணுக்கு ஏது பன்னிரண்டு நாள்? அதுவும் றம்லாவுக்கு? விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு எண்ணி எண்ணிக் கழாப் பிடிப்பாள். நாலு பெருநாளாக அவள் கழாப் பிடிக்கவில்லை. அந்த நாட்கள் அவளுக்கு நின்றே நாலு வருடமாயிற்று. மரமண்டை, எனக்கு இப்போதுதான் உறைத்தது.

விடியுமுன் தின்கிற ஸஹருக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் இருந்து, இரண்டு பேருக்கு ஆக்கி, இரண்டு பேர் சோற்றையும் என்னையே தின்ன வைத்திருக்கிறாள்.

கோபம் வந்தது. என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டாளே. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பிடி உருட்டினேன். மீனை உள்ளே வைத்து, ஆணத்தில் தோய்த்து, அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.

“வாயத் திற, புள்ள.”

அவள் கை பாதியில் நின்றது. இனி ஒன்றில் பொய் உடைய வேண்டும், இல்லாவிட்டால் நோன்பு முறிய வேண்டும். வேண்டாமென்றுதான் சொல்வாள். சொன்னதும் எழுந்துவிடுவதென்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பீங்கானைப் பார்த்தாள். பாதிச் சோறு மிச்சமிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

பல் விளக்கும்போது ஒரு துளி உள்ளே போயிருக்குமோ என்று பத்துத் தடவை காறித் துப்புகிறவள், என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

 

கையைத் திருப்பி அந்தப் பிடியை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். நான் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. முக்காட்டை இழுத்து முகத்துக்கு விட்டுக்கொண்டாள். பிறகு அவள் கை வழக்கம்போலச் சோற்றைத் தொட்டு, வெறுமனே வாய்க்குப் போனது.

நான் ஒன்றும் காணாதவன் மாதிரிக் கேட்டேன். “ஆணத்துக்கு உப்புக் காணுமா, புள்ள?”

“காணும். நீங்க தின்னுங்க.”

அவள் பக்கத்துச் சோற்றையும் என் பக்கம் இழுத்து, பீங்கானை வழித்துத் தின்று முடித்தேன். பாலாணத்தில் உப்பு இருந்ததா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.