ஒற்றைக் கைக் கச்சேரி

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று, கீழே சந்தில் விரிந்த குடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் யூ-லான். பத்தைத் தாண்டியும் குடைகள் வந்துகொண்டே இருந்தன.

பின்னால் பியானோ முன் உட்கார்ந்திருந்த கணவர் தியென்-ஃபூ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை மடியில் தூங்க, வலது கையால் மட்டும் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பியானோ மகளுடையது. அவள் கல்யாணமாகி காவ்சியூங் போன பிறகு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தியென்-ஃபூ அதைப் பிடித்துக்கொண்டார். யூ-லானுக்கோ அந்த இடத்தில் ஒரு மாஜோங் மேஜை போட்டு, தோழிகள் மூன்று பேரை வரவழைத்து ஆட வேண்டும். நாளைக் காலை பியானோவைத் தூக்கிப் போக ஆள் பேசியாகிவிட்டது.

போன வாரம் பியானோவை விற்க வேண்டாம் என்று தியென்-ஃபூ கெஞ்சியபோதுதான் அந்தப் பந்தயம் வந்தது.

"ஒரு வருஷமா வாசிக்கிறீங்க. இந்தச் சந்துல ஒரு தலை எட்டிப் பாத்திருக்கா? எல்லாரும் ஜன்னலைத்தான் சாத்துறாங்க."

"புதுசா ஒண்ணு எடுக்கப்போறேன். அதக் கேட்டு எத்தனை பேர் வந்தா பியானோவ விட்டுவைப்ப?"

"பத்துப் பேர். வீட்ட விட்டு எறங்கி வந்து நிக்கணும். நின்னுட்டா, மாஜோங் மேஜை பேச்சையே எடுக்க மாட்டேன்."

மறுநாளே அவர் பியானோ டீச்சரிடம் ஓடினார். அவள் எழுதிக் கொடுத்த தாளைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். ஏற்கெனவே காதில் ஊறிப்போன மெட்டாக எடுக்க வேண்டும். முழுசையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கக் கூடாது; முதல் இரண்டு வரி, வலது கை மட்டும், பாதி வேகம். விரல் எங்கே தடுக்குகிறதோ, அங்கே பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து.

எந்த மெட்டு என்று சொன்னதும் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாளாம். அவரே வந்து சொன்னார். யூ-லான் எந்த மெட்டு என்று கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் அவள் கேட்கப்போவதில்லை.

அவர் பியானோ மூடியைத் திறந்தால், இவள் காது மிஷினைக் கழற்றி டீக் கோப்பைக்குள் போட்டுவிடுவாள். அதன்பின் வாசல் மணி, தினமும் ஒரே மெட்டைப் பாடி ஆட்களைத் தெருவுக்குக் கூப்பிடும் குப்பை வண்டி, கீழ்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை, எதுவும் அவளைத் தொடாது. உலகத்திலேயே நிம்மதியான இடம் அதுதான் என்பது அவள் கட்சி.

நடுவில் புயல் வந்து தைபேயை மூன்று நாள் முடக்கிப் போட்டது. கடை இல்லை, பஸ் இல்லை, எந்த வண்டியும் சந்துக்குள் நுழையவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து எல்லோருக்கும் மூச்சு முட்டியது.

இன்றுதான் காற்று அடங்கியிருந்தது, தூறல் விடவில்லை. மாலை ஆறு மணிக்குத் தியென்-ஃபூ ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். சாரல் அடிக்கிறதே என்று இவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட, மிஷின் கோப்பைக்குள் விழுந்தது.

முதலில் வந்தது கீழே முடிவெட்டும் லுவோ, பாதிச் சவரத்தில் ஆளை அப்படியே விட்டுவிட்டு. அடுத்து எதிர்வீட்டு ஷென். ஒரு வருடமாக ஜன்னலை அறைந்து சாத்தியவள், தலையில் ஷாம்பூ நுரையோடு, ஒற்றைக் கால் செருப்போடு ஓடி வந்தாள்.

பதின்மூன்றுக்குப் பிறகு எண்ண முடியவில்லை. ஒவ்வொருவரும் பையும் கையுமாகக் குடைக்கடியில் நின்றார்கள். வாங்கி வந்த சாமானை வீட்டில் இறக்கக்கூடப் பொறுமையில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் யூ-லான். யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லோர் கழுத்தும் தெருமுனைப் பக்கம் நீண்டிருந்தது. ரசிகர்கள் என்றால் இப்படித்தான் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்கள் போலும்.

தியென்-ஃபூ இரண்டு வரியை முடித்துத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். முடித்தார். ஆரம்பித்தார். கூட்டம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

யூ-லான் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு வித்தையா? இரண்டே வரிக்கு, ஒற்றைக் கைக்கு, மழையில் நிற்கிறார்கள். இடது கையும் சேர்ந்தால் கூட்டத்தை அடக்கப் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும்.

செல்போனை எடுத்தாள். 'பியானோ விற்பனைக்கு இல்லை, நாளை வரவேண்டாம்' என்று தட்டி அனுப்பிவிட்டு, அதைக் கணவரின் கண்முன் காட்டினாள்.

"நான் தோத்துட்டேன். நீங்களே வெச்சுக்கோங்க."

அவர் படக்கென்று பியானோவை மூடினார். எழுந்து ஓடி ஜன்னலைச் சாத்தப் போனார். எதற்கு இந்தக் கூச்சம் என்று அவர் கையைத் தட்டிவிட்டாள் யூ-லான்.

கைதட்டலை அவளும் கேட்க வேண்டாமா? கோப்பையிலிருந்து மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, பெருமையோடு ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். கீழே ஷென் குடையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு, ஷென்?"

"அதிருக்கட்டும் அக்கா, குப்பை வண்டி எந்த முனையில நிக்குது?"