மூணு ஓட்டை கேஸ்கட்

தன் தலையைத் தானே டிக்கியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது அந்தக் கார்.

கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். டிக்கிக்குள் சாக்கு விரித்து, அதன்மேல் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்.

"யாரு டீச்சர் இப்படிப் பிரிச்சுப் போட்டது?" என்றார் மெக்கானிக்.

காருக்குச் சொந்தக்காரியான டீச்சர் தயங்கினார்.

"மெயின் ரோட்டுல உங்க தம்பிதான். வண்டி அடிக்கடி சூடாகுதுன்னு விட்டேன். பிரிச்சுப் பார்த்துட்டு, 'இது டர்போ வண்டி. இதுக்குக் கேஸ்கட் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியாது. எங்க அண்ணன்கிட்ட கொண்டு போங்க'ன்னுட்டார்."

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது.

"பிரிக்கத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியலையாக்கும்!"

அண்ணனும் தம்பியும் ஒரே ஷெட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர்கள். மூன்று வருஷம் முன்னால் ஏதோ பேச்சு தடித்து, தம்பி தனிக்கடை போட்டான். அத்தோடு பேச்சுவார்த்தையும் நின்றது. அங்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்க, சந்துக்குள் இவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வாரமும் வண்டி வராவிட்டால் ஷெட்டை மூடிவிடுவது என்று முடிவே பண்ணி, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லியும் இருந்தார்.

"விட்டுட்டுப் போங்க டீச்சர். வியாழக்கிழமை வண்டி ஓடும்."

இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டைப் பார்த்தார். யாரோ மலிவான அட்டை கேஸ்கட்டைப் போட்டிருக்கிறார்கள். டர்போவின் அழுத்தம் தாங்காமல் கருகிப் போயிருந்தது. ஸ்டீல்தான் போட வேண்டும். ஆனால் எந்தக் கனம்? கேஸ்கட்டின் ஓரத்தில் எத்தனை ஓட்டை என்பதுதான் கனத்துக்கு அடையாளம். மெலிசாகப் போட்டால் பிஸ்டன் இடிக்கும், கனமாகப் போட்டால் வண்டி இழுக்காது.

பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளக்க கேஜை வைத்தார்.

"எழுபத்தெட்டு!"

முன்பெல்லாம் இவர் முள்ளைப் பார்த்துச் சொல்வார், தம்பி எழுதுவான். பழக்க தோஷம், இன்னும் உரக்கத்தான் வந்தது. எழுந்து போய்த் தானே எழுதினார். நாலு பிஸ்டனுக்கும் நாலு தடவை எழுந்தார். அந்தச் சின்ன ஷெட் அன்றைக்கு ரொம்பப் பெரிசாக இருந்தது.

முதலில் ரெண்டு ஓட்டை போதும் என்று பட்டது. மனசு ஒப்பவில்லை. பிடிவாதமாக மறுபடி அளந்தார். மூணுதான்.

நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

"மூணு ஓட்டை, ஸ்டீல் கேஸ்கட் எடுப்பா."

கடைக்காரர் அலமாரிப் பக்கமே போகவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார்.

மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் தம்பி வந்தா சொல்லு. ஒரு கேஸ்கட் பார்க்கத் தெரியல, அதுக்குள்ள பெரிய போர்டு வேற! என்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இதை எடுத்து வைக்கச் சொன்னதே அவர்தான். திங்கக்கிழமையே அளந்துட்டு வந்துட்டார்."

"என்னப்பா சொல்றே?"

"'அண்ணன் மூணு ஓட்டை கேப்பார், கொடுத்துடு. வேற எது கேட்டாலும் இன்னொரு தடவை அளக்கச் சொல்லு. என் பேரை எடுக்காதே, எடுத்தா வண்டியைத் திருப்பி அனுப்பிடுவார்'னு சொன்னார். நான்தான் வாயை விட்டுட்டேன்."

கேஸ்கட்டைக் கையில் எடுத்த மெக்கானிக், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"அப்புறம் ஏன் டீச்சர்கிட்ட தெரியாதுன்னு சொன்னானாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்ண்ணே. 'நான் ஒரு வண்டிக்குத் தெரியாதுன்னு சொன்னா, எங்க அண்ணன் ஷெட் இன்னும் ஒரு வாரம் திறந்திருக்கும்'னார்."