வண்டிக்கு எட்டு, வீட்டுக்கு நாலு

சந்தியாகு குழாயடியில் ஜீப்பை நிறுத்தினான்.

ஒன்பது வருடங்களில் அந்த ஜீப் போகாத இடம் அந்தக் கரையில் இல்லை. குழாயடிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வண்டியின் பின்னால் இருந்த இரண்டு நீல டிரம்களைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா தன் குடத்தைக் காலால் நகர்த்தி வழிவிட்டாள்.

"நீங்க மொதல்ல பிடிங்கண்ணே. அக்கா எப்படி இருக்கு?"

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததாகச் சொன்னான். குழாயில் ரப்பர் டியூபைச் செருகி டிரம்முக்குள் விட்டான். தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

ராணுவ ஏலத்தில் எடுத்த டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். மீன்பிடி வள்ளங்களைக் கரையேற்றுவதற்கென்றே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். மணலில் புதையாத அகல டயர். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக நாலு பட்டை. சூடு தாங்கப் பெரிய ரேடியேட்டர். சேஸிஸோடு சேர்த்து அவனே வெல்டு அடித்த கொக்கி. இருபது பேர் தோள்கொடுத்து ஏற்றிய வள்ளத்தை, டிரெய்லரில் வைத்து ஒற்றை ஆளாய் ஏற்றினான்.

டிரெய்லரை அலைக்குள் இறக்கும்போது ஜீப்பின் பின்னச்சு கடலில் முங்கும்.

உப்பு பொல்லாதது. வேலை முடிந்த சூட்டோடு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சு, பிரேக் டிரம், பட்டைகளின் இடுக்கு, எல்லாம். காய்ந்ததும் அடிப்பாகம் முழுக்கப் பழைய ஆயிலைப் பூச வேண்டும். ஒருநாளும் அவன் தவறியதில்லை. காய்ச்சலோடும் கழுவியிருக்கிறான். திருவிழா அன்றும் கழுவியிருக்கிறான்.

வெளிக்கரை ஆட்கள் வந்தால் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பார்கள். சந்தியாகு வண்டியில் துருவே இல்லையே என்பார்கள்.

சிரித்துக்கொள்வான்.

அந்தத் தண்ணீரை அவன் மனைவி பிரகாசி தினமும் கொண்டுவந்தாள்.

வண்டிக்கு எட்டுக் குடம். வீட்டுக்கு நாலு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அரைக் கிலோமீட்டர் மணல். ஆறு நடை, மூணு மணி நேரம்.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. கணுக்காலில் மணல் ஒட்டியிருந்தது. வண்டியை ஒருநடை குழாயடிக்குக் கொண்டுவந்தால் டிரம்மில் பிடித்துவிடலாமே என்றாள்.

பொம்பளைங்க கூட்டத்தில் போய் நிற்கவா, வள்ளம் காத்துக் கிடக்கும் என்றான்.

அன்றைக்கு எல்லா வள்ளமும் ஏறியாகிவிட்டது. அது அவனுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கால்கள் சற்று நின்றன. பிறகு போய்விட்டன.

அப்புறம் அவள் கேட்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனையும் உள்ளே கூப்பிட்டார். கர்ப்பப்பை நன்றாகவே இறங்கிவிட்டது, எடுக்க வேண்டும் என்றார். ரொம்ப நாளாகவே வலி இருந்திருக்குமே என்றார். பிரகாசி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனுக்கு எந்த வலியும் தெரிந்திருக்கவில்லை. என்ஜினில் ஒரு சின்னத் தட்டல் கேட்டால், அது எந்த மூலையில் என்று வண்டியில் ஏறாமலே சொல்லிவிடுவான்.

"தெனமும் என்ன கனம் தூக்குறீங்க?"

"தண்ணிதான். பன்னெண்டு கொடம்."

"வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்குப் பன்னெண்டு கொடமா?"

அவன் வாயைத் திறந்தான்.

"மீன் கழுவணும்ல" என்றாள் பிரகாசி. அவன் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா நீட்டிய மருந்துச் சீட்டை அவன் வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்து மருந்துச் சீட்டோடு நின்றபோது, திரும்பப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த ஆள் உள்ளே போய்விட்டிருந்தார். அப்படி நினைத்துக்கொள்வதும் வசதியாகத்தான் இருந்தது.

ஆபரேஷனுக்காகப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. கடைசியாகக் கடலில் இறங்கிய ஈரத்தோடு ஜீப் அப்படியே கிடந்தது. இன்று காலையில் குனிந்து பார்த்தான். அச்சு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. பட்டைகளின் ஓரம் செம்பழுப்பாகச் செதிள் விட்டிருந்தது. விரலால் தொட்டான். உதிர்ந்தது.

பதறவில்லை.

டிரம்கள் நிறைந்தன. ஜெசிந்தா டியூபைச் சுருட்டிக் கொடுத்தாள். மணலில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் பிரகாசி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகம் எழுந்து நடக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். வயிற்றில் ஒரு கையை வைத்திருந்தாள்.

இரண்டு டிரம்மையும் விளிம்புவரைக்கும் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமாச்சு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது.

"அரை மணி நேரம்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. சுவரைப் பிடித்தபடி உள்ளே திரும்பி, இரண்டடி வைத்து நின்றாள்.

"வண்டியக் கழுவிருங்க. உப்பு பூத்துக் கெடக்கு."

கட்டில் முனகும் சத்தம் கேட்டது.

அவன் வாளியை எடுத்தான். டிரம்மில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அது அடங்கிய பிறகும் வாளியை அதில் முக்க அவனுக்குக் கை வரவில்லை.